எண்டெலின் பைன் பலகை

என் வலது முழங்காலை மாற்றிக்கொள்ள நான் டார்டு நகரத்துக்குப் போயிருந்த சமயத்தில்தான் இவ்வளவும் நடந்துவிட்டது. நான் மட்டும் ஊரில் இருந்திருந்தால் ரைவோவின் கையிலிருந்து ரம்பத்தைப் பிடுங்கி, அதன் பிடியாலேயே அவன் மண்டையில் ஒரு போடு போட்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், தங்கை வீட்டில் கொஞ்ச நாள் என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியபோது எங்கள் மேடுகளில் உருளைக்கிழங்கு எடுத்து முடிந்திருந்தது. ஆப்பிள் மரங்களுக்கு அடியில் பழம் அழுகிக் கிடந்தது. குளவிகூட அதைச் சீந்தவில்லை. வானம் கூரைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டு விடாமல் தூறியது.

எனக்கும் எண்டெலுக்கும் ஒரே பாதை, ஒரே கிணறு. அவர் பெண்சாதி லெய்டா என் சிநேகிதி. அவள் செத்துப்போன பிறகும் அந்த வீட்டுக்குப் போகாமல் என் பொழுது விடிவதில்லை. எண்டெலும் கோடை முடிவில் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், வெட்டி எடுக்க ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக இருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். நிம்மதியாக இருங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வயதில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சீரகம் போட்ட பாலாடைக்கட்டி ஒரு வட்டத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, கோலை ஊன்றி ஊன்றி நான் அவரைப் பார்க்கப் போனேன்.

கதவைத் திறந்தது மருமகன் ரைவோ. தலைமுடியெல்லாம் மரத்தூள். ரைவோ தலைநகரத்துப் பிள்ளை, அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறான். நல்லவன். இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருக்கக் கூடாது என்றுகூட எனக்குத் தோன்றும். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று, கேட்க வேண்டியதைக் கேட்காமலே செய்துவிடுகிற கை அவனுக்கு. காலைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு, என் கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

லெய்டாவின் தறி இருந்த அறை அது. தறி போய்விட்டது. ஜன்னலோரம் ஒரு மேசை நின்றுகொண்டிருந்தது.

மேசையைக் குறை சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் முடியாது. மூன்று அகலப் பலகைகளைப் பக்கம் பக்கமாகப் பசை போட்டு இணைத்திருந்தான். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கால்கள் ஆடவில்லை. இழுப்பறை ஒன்று, சத்தமில்லாமல் போய் வந்தது. இனி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் ஏற்றுவதுதான் பாக்கி என்றான். அவன் பெண்சாதி, எண்டெலின் ஒரே மகள் கைரி, கடலுக்கு அந்தப் பக்கம், பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கணக்கெழுதும் வேலையில் இருந்தாள். வெள்ளிக்கிழமை கப்பலேறி வந்து, ஞாயிற்றுக்கிழமை கப்பலேறிப் போவாள். அதுவும் எல்லா வாரமும் இல்லை. அப்பாவுக்கு உடம்பு இப்படி ஆனதும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். சரி, ஆனால் கதவு சாத்துகிற மாதிரி தனி அறையும், சரியான மேசையும் வேண்டும், போட்டோ எடுத்து அனுப்பு என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் ரைவோ ரம்பத்தை எடுத்துவிட்டான். அவளுக்கு இன்னும் தெரியாது, வந்து பார்க்கட்டும் என்று சிரித்தான்.

நான் மேசையின் மேல் கையை வைத்தேன். கணுவே இல்லாத பைன் மரம், நெருக்கமான ரேகை, வருஷக்கணக்காக வெயில் படாமல் காய்ந்து தேன் நிறத்துக்கு வந்த பலகை. இந்த மரத்தை நான் இதற்கு முன்னால் ஒரு தடவை தொட்டிருக்கிறேன்.

"பலகை ஏது, ரைவோ?"

"நம்ம கொட்டில் பரண்லதான் அத்தே. சும்மா அடுக்கிக் கெடந்துச்சு. மேல கல்லு வேற ஏத்தி வெச்சிருந்தாங்க. அப்பேர்ப்பட்ட பலகை இன்னிக்குக் கடையில கெடைக்குமா?"

கிடைக்காது. எங்கள் பக்கத்தில் கொட்டில் பரணில், இடையிடையே குச்சி கொடுத்து, மேலே கல் ஏற்றி, ஆளைவிட நீளமான, அகலமான பைன் பலகை அடுக்கியிருந்தால், அது எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது அந்த வீட்டு மனிதர் தனக்கென்று வைத்துக்கொண்ட சவப்பெட்டிப் பலகை. திருடன் வந்தால்கூட அதைத் தாண்டிப் போய் வேறு எதையாவது எடுப்பான். பெட்டியாகச் செய்து வைக்க மாட்டோம், செய்து வைத்தால் அது ஆளைக் கூப்பிட்டுவிடும் என்பார்கள். பலகையாக இருக்கும் வரை அது வெறும் மரம். அதனால்தான் ரைவோவின் கண்ணுக்கு அது வெறும் மரமாகத் தெரிந்திருக்கிறது. சொல்லித் தரவும் யாருக்கும் தோன்றவில்லை. அடுப்பு சுடும் என்று மாப்பிள்ளைக்கு யாராவது சொல்லித் தருவார்களா?

எண்டெலின் பலகையில் இன்னொரு விஷயமும் இருந்தது. அவர் ஆயுள் முழுக்கக் காட்டில் மரம் வெட்டியவர். வயல் விளிம்பில் நின்ற ஒரு பைன் மரத்தை லெய்டாவும் அவருமாகச் சேர்ந்து பார்த்து வைத்து, ஒரு குளிர்காலத்தில் வெட்டி அறுத்து, பாதி உனக்கு, பாதி எனக்கு என்று பரணில் இரண்டு அடுக்காக ஏற்றினார்கள். லெய்டா செத்தபோது அவள் பாதியை இறக்கி எண்டெலே பெட்டி செய்தார். உள்ளே லினன் துணி விரித்தது நான். மிச்சப் பாதியைத்தான் ரைவோ, மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில், இறக்கி, கைரியின் ஜன்னல் அளவுக்கு வெட்டியிருந்தான்.

நான் வாயைத் திறக்கப் போனேன். கதவருகே எண்டெல் நின்றிருந்தார். கம்பளிச் சட்டைக்குள் ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். பிறகு ரைவோவிடம், ஹில்யா பாலாடைக்கட்டி கொண்டு வந்திருக்கிறாள், காப்பி போடு என்றார்.

காப்பி குடித்த பிறகு விறகு எடுத்துத் தருகிறேன் என்ற சாக்கில் அவர் பின்னாலேயே விறகுக் கொட்டகைக்குப் போனேன். தூறல் தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கோலைத் தரையில் குத்திக்கொண்டே பேசினேன். இது என்ன கூத்து, கண்ணெதிரே பார்த்தும் வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டேன். அவர் ஒரு விறகுக் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் வந்தப்பவே வெட்டி முடிச்சிருந்தான். பசையும் போட்டுட்டான். மாமா வந்துட்டாங்கன்னு ஓடி வந்து, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறான். என்ன சொல்லச் சொல்ற?"

"என்னோடதுன்னு சொல்லணும்."

"சொன்னா அன்னிக்கே அத ஒடைச்சு அடுப்புல போட்டுருவான். அவனப் பத்தித் தெரியாதா? மேசையும் போச்சு, பலகையும் போச்சு, பொண்ணு வர்றதும் போச்சு. ஹில்யா, எனக்குப் பலகை அப்புறமாத்தான் வேணும். பொண்ணு இப்ப வேணும்."

வெட்டின மரம் ஒட்டவா போகிறது? அவர் கையிலிருந்த விறகை வாங்கிக் கூடையில் போட்டேன். கைரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் வருவதற்குள் எண்ணெய் ஏறிவிட்டால் மரத்தின் நிறம் மாறிவிடும், அவளுக்கு அடையாளம் தெரியாது என்றார். காட்டில் கிடந்த மனிதர். எண்ணெய் ஏறினால் பைன் மரத்தின் ரேகை இன்னும் துலங்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். மனுஷனுக்கு நம்புவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

அந்த வாரம் முழுக்க ரைவோ பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் பின்னறைக்குள் போய்விடுவான். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக்கொண்டு, முதலில் சொரசொரப்பானது, பிறகு நயமானது, கடைசியில் தொட்டால் துணி மாதிரி இருப்பது என்று ரேகை போகிற திசையிலேயே தேய்த்தான். இடையில் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, நார் எழும்பியதும் மறுபடி தேய்த்தான். மரத்தூள் சமையலறை வரை வந்து கஞ்சியில் விழுந்தது. எண்டெல் அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டார் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். பார்லியும் உருளைக்கிழங்கும் மசித்த கஞ்சியில் நாலு வாய், அதற்கு மேல் இறங்கவில்லை.

எண்ணெய் போடுகிற நாளன்று நானும் இருந்தேன். ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கினான் ரைவோ. வீடெல்லாம் காடு வாசனை. பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துத் துணி தயார் செய்திருந்தான். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்று எங்கோ கேட்டிருக்கிறான் போல, வேலியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட ஏற்பாடெல்லாம் பண்ணியிருந்தான். இவ்வளவு ஜாக்கிரதைக்காரன் பரணில் ஏறும்போது மட்டும் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் கை ஏற்றினான். மரம் குடித்தது. மேலேயே பளபளவென்று நிற்காமல் அப்படியே உள்ளே போய்விட்டது.

அப்போது எண்டெல் அடுப்படி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"மாப்பிள்ளை, துணியக் குடு."

ரைவோ நாற்காலி கொண்டு வரப் போனான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, எண்டெல் மேசையின் ஒரு முனையிலிருந்து தேய்க்கத் தொடங்கினார். அவசரமே இல்லை. ரேகையோடு போய், ரேகையோடு திரும்பி வந்தார். நடுப்பலகையில் வந்தபோது வலி எடுத்துவிட்டது. இரண்டு முழங்கையையும் பலகையில் ஊன்றிக் குனிந்து நின்றார். நான் போய்த் தோளைப் பிடித்தேன். சட்டைக்குள் எலும்புதான் இருந்தது. வலி விட்டதும் மறுபடி தேய்த்தார். முனைக்கு வந்ததும், வெட்டு விழுந்த இடத்தில் கட்டை விரலை வைத்துத் தடவினார். வெட்டுவாய்தான் எண்ணெயை அதிகம் குடிக்கும், அங்கே இரண்டு மடங்கு ஊற்று என்று மட்டும் சொன்னார்.

ரைவோ என் காதருகே வந்து குனிந்தான். "மாமாவுக்கு இந்த மேசை ரொம்பப் புடிச்சுப் போச்சு அத்தே" என்றான். அவன் கண்ணில் தண்ணீர். நான் எனக்கு மூக்கு ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வேலியில் எண்ணெய்த் துணிகள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன.

எண்ணெய் காய்வதற்கு எங்கள் இலையுதிர்காலம் உதவாது. ஒரு கை ஏற்றி, காயக் காத்திருந்து, நயமாகத் தேய்த்து, மறுபடி ஒரு கை. கடைசியில் பூச என் தேன்கூட்டு மெழுகில் ஒரு கட்டி கேட்டான் ரைவோ. கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மெழுகு பூசுவதற்கு முன்பே கைரி வந்துவிட்டாள். ஹெல்சிங்கி அறையைக் காலி செய்துவிட்டு, மூட்டை முடிச்சுகளோடு, மழையில் நனைந்த கோழி மாதிரி வந்து இறங்கினாள். ரைவோ பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோசும் அடுப்பில் வைத்திருந்தான். முதலில் சாப்பிடு என்று எண்டெல் சொன்னார். நானும் சொன்னேன். ரைவோ கேட்கவில்லை. அவள் கண்ணைப் பொத்திப் பின்னறைக்குக் கூட்டிப் போனான்.

கையை எடுத்ததும் அவள் சிரித்தாள். மேசை மேல் குனிந்து கன்னத்தை வைத்து முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் பலகையைத் தடவிக்கொண்டே போனாள். கை நின்றது. சின்னப் பிள்ளையில் பரணில் ஒளிந்து விளையாடும்போது அந்தப் பலகை அடுக்கின் பின்னால்தான் அவள் ஒளிவாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் நிமிர்ந்து பார்த்தபோது சிரிப்பு மட்டும் மறந்துபோய் முகத்தில் இருந்தது. எந்தப் பலகை என்று கேட்டாள். பரண் பலகை என்றான் ரைவோ. அவள் மழையில் இறங்கிக் கொட்டிலுக்குப் போனாள். ஏணி ஏறுகிற சத்தம் கேட்டது. ரைவோ என்னிடம், அவளுக்கு நிறம் பிடிக்கவில்லையோ என்று கேட்டான்.

திரும்பி வந்தவளின் கையெல்லாம் தூசி.

"கல்லு மட்டுந்தான் இருக்கு" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீளமா வளருமா?"

ரைவோ ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். கைரி கைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். எண்டெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த மாதிரி வேலையெல்லாம் எப்போதும் என் தலையில்தான் விழும். அது என்ன பலகை, யாருக்கு, அதன் மறுபாதியில் யார் படுத்திருக்கிறாள் என்று சொன்னேன். எவ்வளவு குறைந்த வார்த்தையில் சொல்ல முடியுமோ அவ்வளவில் சொன்னேன்.

அவன் கத்தவில்லை, அழவில்லை. போய்ச் சுத்தியலை எடுத்து வந்தான். மேசையைத் தலைகீழாகப் புரட்டப் போனான். கால்களைக் கழற்றிவிடலாம், பசையைச் சூடு காட்டிப் பிரித்துவிடலாம், துண்டுகளை முனைக்கு முனை ஒட்டிவிடலாம் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனான். எண்டெல்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாத மாப்பிள்ளை. எண்ணெ இன்னும் காயல."

ரைவோ சுத்தியலோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். அடுப்பில் முட்டைக்கோசு தீய்கிற வாசனை வந்தது. நான் போய் இறக்கினேன். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

அதன்பிறகு ரைவோ ஒரு பைத்தியம் மாதிரி அலைந்தான். மரம் அறுக்கும் ஆலைகளுக்கெல்லாம் போனான். ஒரு நாள் பேருந்திலேயே, பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு, நீளப் பலகைகளை ஏற்றிக்கொண்டு வந்து நின்றான். சூளையில் காயவைத்த நல்ல பைன்தான். எண்டெலைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டி வந்து காட்டினான். அவர் ஒவ்வொரு பலகையையும் விரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல பலகை. ரசீது வெச்சிருக்கியா? அளவு சரியில்லன்னா நான் திரும்பி வந்து மாத்திக்க முடியாது பாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். ரைவோ மட்டும் பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அந்தப் பலகையைக் கொட்டகையில் அடுக்கினான். ஆனால் உளியைத் தொடவில்லை. உள்ளே மனிதர் இருமிக்கொண்டிருக்க, வெளியே அவருக்குப் பெட்டி இழைக்கிற மனசு யாருக்கு வரும்? கடையிலிருந்து பெட்டி வரவழைத்துக்கொள்ளலாம், நீ அதில் கை வைக்காதே என்று எண்டெலே சொல்லிவிட்டார்.

கைரி அந்த மேசையில் உட்காரவே இல்லை. சமையலறையில், ஜாம் பாட்டில்களை ஒதுக்கிவிட்டு, முழங்கையை இடுக்கிக்கொண்டு கணினியைத் தட்டினாள். ரைவோ பாத்திரம் கழுவினால் சத்தம், நான் போனால் பேச்சு. போட்டோ எங்கே என்று ஆபீசிலிருந்து ஒரு தடவை கேட்டார்கள், இன்னொரு தடவையும் கேட்டார்கள். புருஷனிடம் அவள் கோபமாகப் பேசியிருந்தாலாவது தேவலை. உப்பை எடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேச்சே இல்லை. மறுபடி ஹெல்சிங்கிக்கே போய்விடுவேன், அங்கே இருந்தால் இதைப் பார்க்காமலாவது இருக்கலாம் என்று கிணற்றடியில் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது வாளிக் கயிற்றை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தாள். இருந்தால் மேசையைப் பார்க்க வேண்டும், போனால் அப்பாவைப் பார்க்க முடியாது.

இது எண்டெலின் காதுக்குப் போயிற்று. நான்தான் போட்டேன். முதல் பனி விழுந்த அன்று, காலையில், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னறைக்குப் போய், கைரியைக் கூப்பிட்டார்.

"உக்காரு."

"முடியலப்பா. கைய வெச்சாலே எனக்கு என்னமோ பண்ணுது."

"என்ன பண்ணுது?"

"உங்க மேல உக்கார்ற மாதிரி இருக்கு."

"சின்ன வயசுல உக்காரலையா? அப்ப என்ன, பூப்போல உக்காந்தியா? குதிச்சே, கழுதை."

அவள் சிரிக்கவில்லை. அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச மூச்சு போதவில்லை, ஆனாலும் பேசினார்.

"நான் இதுல படுக்க முடியாதுன்னு ஆயிப்போச்சு. நீயும் இதுல உக்கார மாட்டேங்கிற. அப்ப இது யாருக்குத்தான்? ஒரு நல்ல மரத்த வெட்டிட்டு யாருக்கும் ஆகாமப் பண்ணின பாவம் எனக்கு வேணாம். எனக்கோசரம் உக்காரு. அவன் செஞ்சான்னு நெனைக்காத. நான் குடுத்தேன்னு நெனைச்சுக்கோ."

கைரி உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் பலகையின் மேல் விரித்து வைத்து, தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே நடையில் ரைவோ நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வர அவனுக்குத் தைரியம் இல்லை.

மெழுகு பூசினார்கள். போட்டோ போயிற்று. எண்டெலின் கட்டிலை ரைவோ பின்னறைக்கே நகர்த்திப் போட்டான், அது எண்டெலே கேட்டுக்கொண்டது. கைரி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், அவள் முதுகுக்குப் பின்னால் அவர் படுத்திருப்பார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் பின்லாந்து மொழியில் கணக்குப் பேசுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பின்லாந்துக்காரன் வரவு செலவெல்லாம் என் பலகை மேல்தான் நடக்கிறது, ஏமாற்றினால் எனக்குத் தெரியாமல் போகாது என்று என்னிடம் சொல்வார். கைரி ரைவோவிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினாள். தட்டை வாங்கும்போது அவன் விரல் பட்டால் கையை இழுத்துக்கொள்வதை விட்டாள். அவ்வளவுதான் அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்குக் கிடைத்த நல்லது.

பனி ஜன்னல் விளிம்பு வரை ஏறிய பிறகு எண்டெல் தண்ணீர் மட்டுமே குடித்தார். நர்ஸ் வந்து வலிக்கான மருந்துப் பட்டையைத் தோளில் ஒட்டிவிட்டுப் போவாள். கைரி லீவு கேட்டிருந்தாள், வருஷ முடிவு, கணக்கு மூடுகிற சமயம், இந்த ஒரு வாரம் மட்டும் என்று அவர்கள் கெஞ்சியிருந்தார்கள். அவள் பேசும் நேரத்தில் நான் வந்து அப்பா பக்கத்தில் உட்காருவது என்று ஏற்பாடு. கையுறை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்று மத்தியானம் நல்ல வெளிச்சம். வெயில் மேசை மேல் விழுந்து, பலகையின் ரேகையெல்லாம் தெரிந்தது. கைரி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் தெரிகிற நாலைந்து முகங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். எண்டெலின் மூச்சு ஒரு மாதிரி மாறியது. நான் பின்னலை மடியில் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தேன். அவர் கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அவள் முதுகைப் பார்த்தார். நான் கூப்பிட வாயெடுத்தேன். என் விரலை அவர் அழுத்தினார். வேண்டாம் என்றா, இல்லை சும்மாவா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை. திரையின் அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், கைரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏதோ தொகையைத் திருத்திச் சொன்னாள்.

நான் எழுந்து அவள் தோளைத் தொட்டிருக்கலாம். தொட்டு என்ன ஆகப் போகிறது? அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் பேசி முடித்து, காதிலிருந்து கழற்றி வைத்து, திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

ரைவோ பேருந்தை விட்டுவிட்டு ஓடி வந்தான். டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நானும் ரைவோவும் உடம்பைக் கழுவி, அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டோம். பெட்டி டவுனிலிருந்து மறுநாள்தான் வரும் என்றார்கள், பனியில் வண்டி ஏறாது. எங்கள் பக்கம் உடம்பைக் கட்டிலில் விடுகிற வழக்கமில்லை. பெட்டி வருகிற வரைக்கும் பலகை மேல்தான் கிடத்துவோம். ரைவோ கொட்டகையிலிருந்து அந்தக் கடைப்பலகையை எடுத்து வருகிறேன் என்று கிளம்பினான்.

"வேணாம்" என்றாள் கைரி.

அவள் மேசையிலிருந்து கணினியை எடுத்துத் தரையில் வைத்தாள். வயர்களைச் சுருட்டினாள். தன் காப்பிக் கோப்பையை எடுத்து ஜன்னலில் வைத்தாள். முன்கையால் பலகையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை துடைத்தாள். ரைவோ மேசையைத் திருப்பி, ஒரு முனையை ஜன்னலோடு சேர்த்து வைத்தான். மூன்று பேருமாக அவரைத் தூக்கினோம். தூக்குவதற்கு அதிகம் இல்லை. தலையை ஜன்னல் பக்கம் வைத்துப் படுக்க வைத்தோம். தோளுக்கு அகலம் சரியாக இருந்தது. கால்தான் கணுக்காலுக்கு மேலிருந்தே மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

ரைவோ சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து அடியில் வைத்தான். தாழ்வாக இருந்தது. தலையணை ஒன்றை மேலே வைத்தான். அது அமுங்கிப்போனது. இன்னும் ஏதாவது கிடைக்குமா என்று அறையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு ஸ்டூலைத் தள்ளிவிட்டு, மேசையின் முனையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மாமனாரின் இரண்டு குதிகாலையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான்.

"விட்ரு ரைவோ" என்றாள் கைரி. "அப்பாவுக்குத் தெரியாது."

"இருக்கட்டும்" என்றான்.

அவள் அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் தரையில் உட்கார்ந்து, ஒரு காலைத் தன் கைக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். இருட்டத் தொடங்கியதும் நான் என் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதையில் நின்று திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் வழியே எண்டெலின் நரைத்தலை தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம், கீழே, அவர்கள் இரண்டு பேரும் இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.